வாசகர் கேள்வி – பதில்: நிலவறையில் ஒரு கிண்ணம்

கேள்வி: கணவனை இழந்த பெண்ணைப் பற்றிய ‘தி பாபடூக்’ என்ற ஆஸ்திரேலியப் படத்தைப் பார்த்தேன். கடைசிவரை பேய் ஒழியவே இல்லை. இப்படி முடிப்பது பார்ப்பவரை ஏமாற்றும் வேலை அல்லவா? (வாசகி, காரைக்குடி)

பதில்: ஒழித்திருந்தால்தான் ஏமாற்று வேலையாகியிருக்கும். முடிவை நீங்களே போட்டு உடைத்துவிட்டதால் நானும் ஒளிக்காமல் எழுதுகிறேன். ஜெனிஃபர் கென்ட் 2014-இல் இயக்கிய அந்தப் படத்தில், அமீலியாவைப் பிரசவத்துக்கு அழைத்துச் செல்லும் வழியில் நேர்ந்த கார் விபத்தில் கணவன் இறந்துபோகிறான். மகன் பிறந்த நாளும் தகப்பன் இறந்த நாளும் ஒன்றாகிவிடுவதால், பையனின் பிறந்தநாளை அந்தத் தேதியில் கொண்டாடும் வழக்கமே அவ்வீட்டில் இல்லை. இறந்தவனின் துணிமணிகள் நிலவறையில் பூட்டிக் கிடக்கின்றன. அவன் பேச்சை எடுப்பதே அவளுக்குப் பொறுப்பதில்லை. பேய் எங்கிருந்து வந்தது என்று இதற்கு மேலும் கேட்க வேண்டுமா?

கடைசியில் அவள் ஒரு கிண்ணம் நிறைய மண்புழுக்களை எடுத்துக்கொண்டு நிலவறைப் படியிறங்கி, அங்கே இருக்கும் பேய்க்கு வைத்துவிட்டு மேலே வருகிறாள். அன்றுதான், ஏழு வயதில், பையனுக்கு உரிய தேதியிலேயே பிறந்தநாள் நடக்கிறது. வேப்பிலை அடித்து விரட்டப்படும் பேய்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது குறையாகத் தோன்றலாம். பூட்டி வைத்ததைத் திறந்து பார்க்கும் துணிச்சல் அவளுக்கு வந்ததையே நான் முடிவாகக் கொள்கிறேன்.

அந்தத் துணிச்சல் வராதவனின் கதை, நிகோலஸ் ரோக் 1973-இல் எடுத்த ‘டோன்ட் லுக் நவ்’. டாஃப்னி டு மோரியரின் மூலக்கதையில் மூளைக்காய்ச்சலில் இறக்கும் சிறுமி, படத்தில் சிவப்பு மழைக்கோட்டுடன் வீட்டுக் குளத்தில் மூழ்கிப்போகிறாள். அதனால் பெற்றோர் பிறகு சென்று தங்கும் வெனிஸ் நகரத்தின் ஒவ்வொரு கால்வாயும் அந்தக் குளமாகிவிடுகிறது. தாய் வாய்விட்டுப் பேசித் தேறுகிறாள். தகப்பனோ, எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே, சந்துகளில் ஓடி மறையும் ஒரு சிவப்பு உருவத்தின் பின்னால் போகிறான். இதன் முடிவை நான் சொல்வதாக இல்லை.

கேள்வி: தனிமையைப் பற்றி ஒரே ஒரு திகில் படம் சொல்லுங்கள். (வாசகர், சேலம்)

பதில்: ஜப்பானிய இயக்குநர் கியோஷி குரோசாவாவின் ‘கைரோ’, 2001. (புகழ்பெற்ற இயக்குநர் அகிரா குரோசாவாவுக்கு உறவினர் அல்லர்.) அதில் ஒரு மாணவர் செய்த கணினி நிரலில், திரை முழுக்கப் புள்ளிகள் மிதந்துகொண்டிருக்கும், இரண்டு புள்ளிகள் மிக நெருங்கினால் அழிந்துவிடும், மிக விலகினால் மறுபடி இழுக்கப்படும். படத்தில் வரும் பேய்களைவிட எனக்கு அந்தப் புள்ளிகளைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.