கேட்கமாட்டான் என்பதற்காகவா?

கேள்வி: தங்கச்சிமடம் பக்கம் எங்கள் வீடு. சொந்தமாக ஒரு நாட்டுப்படகு இருக்கிறது. கச்சான் காற்றால் பத்து நாளாகத் தொழில் இல்லை. வியாபாரியிடம் 60,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கியதால் வெளிவிலையைவிடக் கிலோவுக்கு 20 ரூபாய் குறைத்தே எடுக்கிறார். மாமியார் ஏச்சு வேறு. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு தினமும் ஜெபமாலை சொல்கிறேன். சந்தியாகப்பர் திருவிழா அசனத்துக்கு, அதாவது ஊர் விருந்துக்கு, நேர்ந்து 5,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். படகில் வரும் பையனுக்கு மூன்று நாள் பங்கு பாக்கி. இந்துப் பையன், தம்பி மாதிரி, கேட்கமாட்டான். அவன் அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். பிற மதத்தார் என் விசுவாசத்தைக் கண்டு உணர இன்னும் என்ன செய்ய வேண்டும்?

பதில்: சகோதரி, கச்சான் காற்றும் அட்வான்ஸ் கடனும் மாமியார் ஏச்சும் இந்தக் கரையில் புதிதில்லை. அவற்றை விடுங்கள். "கேட்கமாட்டான்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் பேசுவோம்.

காற்றடித்த பத்து நாளும் அவன் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும்தானே? உங்களுக்காவது கடன் தர வியாபாரி இருக்கிறார். அவன் அம்மா விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீரில் பாறைக்குப் பாறை பாசி பறிக்கிறவர். கடல் கொந்தளித்தால் அதுவும் கிடையாது. அவன் சம்பாதித்த காசு உங்கள் வீட்டில் இருக்கிறது. உங்கள் வீட்டுக் கஷ்டத்தில் ஒரு பங்கை அந்தத் தாயும் மகனும் சேர்த்துச் சுமக்கிறார்கள். பொறுமை என்று நீங்கள் எழுதியதில் பாதி அவர்களுடையது.

வியாபாரி 20 ரூபாய் பிடிக்கிறார் என்று நோகிறீர்கள். நீங்களோ முழுப் பங்கையும் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவருக்கு ஈடாகக் கொடுத்த அட்வான்ஸாவது இருக்கிறது. உங்களுக்கு என்ன இருக்கிறது? தம்பி மாதிரி என்கிறீர்கள். சொந்தத் தம்பியாக இருந்தால் உங்கள் அம்மா இதற்குள் வாசலில் வந்து நின்று கேட்டிருப்பார்.

வேதம் இதில் வளைந்து கொடுக்காது. ஏழைக் கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிடு என்கிறது இணைச்சட்டம் 24:15. பிடித்து வைத்த கூலியே கூக்குரலிடும் என்கிறது யாக்கோபு 5:4. அவன் கேட்காவிட்டாலும் அந்தப் பணம் கேட்கும். பிற இனத்தார் நடுவே நன்னடத்தையோடு வாழுங்கள் என்று 1 பேதுரு 2:12 சொல்கிறது. அதே அதிகாரத்தின் 20ஆம் வசனம், குற்றம் செய்து அடிவாங்கிப் பொறுத்துக்கொண்டால் அதில் என்ன பெருமை என்று கேட்கிறது. ஓரியூர் உங்களுக்குத் தூரமில்லை. 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே தலை கொடுத்த மறைசாட்சி அருளானந்தரின் பாடு நமக்குச் சாட்சியாக நிற்பதற்குக் காரணம், அவர் எவருடைய பொருளையும் பிடித்து வைத்ததற்காக அதைப் படவில்லை என்பதுதான். பிற மதத்தார் பார்க்க வேண்டும் என்கிறீர்கள். ஒருவன் உங்கள் படகிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இனிச் செய்ய வேண்டியது. ஒரு நோட்டை எடுத்து மூன்று நாளையும் தனித்தனியாக எழுதுங்கள். ஒரு நாள் விற்பனை 8,400 என்று வையுங்கள். டீசல், ஐஸ், சாப்பாடு 2,400 போனால் மீதி 6,000. படகுக்குப் பாதி, ஆளுக்குப் பாதி என்ற வழக்கப்படி ஆள் பங்கு 3,000. மூன்று பேர் போனால் அவனுக்கு 1,000. தகராறு வருவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். வலையின் கிழிசலைப் பொத்திய செலவைப் பொதுச் செலவில் எழுதிவிடுவார்கள். அது படகுப் பங்கிலிருந்து போக வேண்டியது, ஏனென்றால் வலை உங்களுடையது. அடுத்தது அந்த 20 ரூபாய். அட்வான்ஸ் வாங்கியது நீங்கள். அதற்காகக் குறைகிற விலையை அவன் ஏன் சுமக்க வேண்டும்? வெளிவிலைக்கே அவன் பங்கைக் கணக்கிடுங்கள். ஒரு நாளைக்கு 40 கிலோ விற்றிருந்தால் வித்தியாசம் 800, அதில் ஆள் பங்கு 400, அவனுக்கு 133 ரூபாய். சின்னத் தொகைதான், ஆனால் ஒவ்வொரு நாளும் போகிறது.

பணத்துக்கு எங்கே போவது என்பீர்கள். அசனத்துக்கு வைத்த 5,000 இருக்கிறதே! காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்று மத்தேயு 5:24 சொல்லவில்லையா? நேர்ச்சை தவறிவிடுமோ என்ற பயம் வேண்டாம். பங்குத்தந்தையிடம் போய் உள்ளதைச் சொல்லுங்கள். தனி ஆள் செய்த நேர்ச்சையைத் தளர்த்தவோ மாற்றித்தரவோ திருச்சபைச் சட்டம் அவருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. பங்கைக் கொடுத்ததையே நேர்ச்சையாக எண்ணிவிடாதீர்கள். அது கொடுக்க வேண்டிய கடன். மிச்சமிருப்பதை அசனத்துக்குக் கொடுங்கள், 500 ரூபாயாக இருந்தாலும் சரி. திருவிழா நாளான ஜூலை 25 அடுத்த வருஷமும் வரும்.

உங்கள் கடிதத்தில் கணவர் ஒரு வரியில்கூட வரவில்லை. ஒரே படகில் போகிற ஆளின் பங்கு நிற்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. இருவரும் சேர்ந்து போங்கள். பையனைக் கரைக்குக் கூப்பிட்டு நாலு பேர் முன்னால் கொடுக்காதீர்கள், அவன் கூசிப்போவான். இந்தச் சனிக்கிழமை பொழுது சாயுமுன் அவன் வீட்டுக்குப் போய், கணக்கு எழுதிய தாளோடு அவன் அம்மா கையில் கொடுங்கள். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்க வேண்டியவர் நீங்கள். கணவரை முன்னே தள்ளாதீர்கள். அந்த அம்மா காபி போட்டுக் கொடுத்தால் உட்கார்ந்து குடித்துவிட்டு வாருங்கள்.