பவர் சரியாக இருந்தும் புதுக் கண்ணாடி தலைவலி தருவது ஏன்?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு இரு கண்ணிலும் மைனஸ் 5. புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து கடைசிப் பாடவேளைக்குள் தலைவலி வந்துவிடுகிறது. கரும்பலகை எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது என்கிறாள். கடையில் பவர் சரி என்கிறார்கள். போகப் போகப் பழகிவிடுமா?

பதில்: பவரோடு, லென்ஸின் ஒளியியல் மையம் (ஒளி வளையாமல் நேராகச் செல்லும் இடம்) கண்ணின் பாப்பாவுக்கு (கண்ணின் நடுவிலுள்ள கருவட்டம்) நேராக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மையம் விலகிய லென்ஸ் ஒரு பட்டகத்தை (பிரிசம்) போல ஒளியை வளைத்து, பிம்பத்தை இடம் மாற்றிக் காட்டும். விலகலைச் சென்டிமீட்டரில் எடுத்துப் பவரால் பெருக்கினால் அந்த விளைவின் அளவு பட்டக டயாப்டர் என்ற அலகில் கிடைக்கும்.

மகளின் கண் பாப்பாக்களுக்கு இடைத்தூரம் 58 மில்லிமீட்டர், கண்ணாடியின் மையங்களுக்கு இடைத்தூரம் 66 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கண்ணுக்கும் 4 மில்லிமீட்டர் விலகல், 0.4ஐ 5ஆல் பெருக்க 2 பட்டக டயாப்டர், இரு கண்ணுக்கும் சேர்த்து 4. மைனஸ் லென்ஸில் மையங்கள் இப்படி அகன்றிருந்தால், கரும்பலகையை ஒன்றாகப் பார்க்கக் கண்கள் வெளிப்பக்கமாக விரிந்தாக வேண்டும். கண்களை மூக்கை நோக்கிக் குவிப்பது எளிது. விரிக்கும் ஆற்றலோ மிகக் குறைவு என்பதால், நாள் முழுவதும் அந்த முயற்சியிலேயே இருக்கும் பிள்ளைக்கு மாலையில் தலைவலி வருவதில் வியப்பில்லை. ஒரு மையம் மேலும் மற்றது கீழுமாக இருந்தால் இன்னும் கடினம். ஃப்ரேம் வளைந்தாலே இது நேரும்.

வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். தாளில் பெரிய கூட்டல் குறி வரைந்து, கண்ணாடியைக் கைநீளத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒரு லென்ஸின் வழியே பாருங்கள். லென்ஸுக்குள் தெரியும் கோடுகள் வெளியே தெரியும் கோடுகளோடு முறிவின்றிச் சேரும்வரை நகர்த்தி, அவை வெட்டும் இடத்தில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். மற்ற லென்ஸுக்கும் அப்படியே செய்து, புள்ளிகளின் இடைத்தூரத்தை அளந்து கொள்ளுங்கள். சிலிண்டர் பவர் (திசைக்குத் திசை மாறும் பவர்) இருந்தால் கோடுகள் சாய்ந்து தெரியக்கூடும். அப்போது லென்ஸை அளக்கும் கருவியான லென்ஸோமீட்டரின் அளவையே நம்ப வேண்டும்.

கடையில் மகளின் பி.டி.யை, அதாவது பாப்பாக்களின் இடைத்தூரத்தை, புதிதாக அளக்கச் சொல்லுங்கள். வளரும் வயதில் அது கூடும். பழைய சீட்டில் உள்ள எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது தவறு. பி.டி.க்கும் லென்ஸ் மையங்களின் இடைத்தூரத்துக்கும் வேறுபாடு உறுதியானால் லென்ஸை மாற்றித் தரக் கேட்பது உங்கள் உரிமை. ஆனால் மருத்துவரே சீட்டில் பட்டகம் எழுதியிருந்தால் அது சிகிச்சை. அதை நீக்கச் சொல்லக் கூடாது.

லேசான அசௌகரியம் ஓரிரு வாரத்தில் பழகிவிடும். இரட்டைத் தோற்றத்தை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். கண்ணாடியைக் கழற்றிய பிறகும் இரண்டாகத் தெரிந்தாலோ, வாந்தியும் சேர்ந்து வந்தாலோ, கடைக்குப் போகாமல் உடனே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.