இலச்சினையின் நிறம் சுவருக்கு வரும்போது

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் இலச்சினையில் அடர்நீலமும் ஆரஞ்சும் உண்டு. புதிய அலுவலகத்தின் வரவேற்பறைக்கு அதே நிறங்களில் பெரிய அரூப ஓவியம் ஒன்றை வரைந்து தரும்படி ஓவியர் ஒருவரிடம் கேட்டிருக்கிறோம். கணினித் திரையில் பார்த்த மாதிரி எல்லோருக்கும் பிடித்திருந்தது. அதில் ஒரு சிறு பகுதியை அவர் கேன்வாஸில் வரைந்து கொண்டுவந்தபோதோ, ஆரஞ்சு எங்களுடையதாகவே தோன்றவில்லை. குறை எங்கே இருக்கிறது?

பதில்: ஓவியரைக் குறை சொல்வதற்கு முன் திரையைச் சந்தேகியுங்கள். திரை தானே ஒளிர்ந்து நிறம் காட்டுகிறது. கேன்வாஸோ தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிக்கொண்டு மீதியைத்தான் திருப்பி அனுப்புகிறது. திரையில் பளிச்சிடும் சில ஆரஞ்சுகளைச் சாதாரண நிறமிகளால் எட்ட முடியாது. ஒவ்வொரு நிறத்தையும் ஓர் எண்ணால் குறிக்க அச்சகங்களுக்காக 1963-இல் வந்த பான்டோன் முறையில் உங்கள் இலச்சினைக்கு நிற எண் இருக்குமானால், மின்னஞ்சலில் கோப்பை அனுப்புவதோடு நிறுத்தாமல், அச்சிட்ட நிற அட்டையையே ஓவியரின் கையில் கொடுங்கள்.

பலரும் கவனிக்காமல் விடுவது பக்கத்து நிறத்தை. பாரிஸின் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் மிஷெல் யூஜீன் செவ்ரெலிடம், கறுப்பு நூலில் கருமை போதவில்லை என்று ஒரு புகார் வந்தது. அவர் ஆராய்ந்து பார்த்ததில் சாயத்தில் பழுதில்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் அருகில் நெய்யப்பட்டதால்தான் அந்தக் கறுப்பு சோர்ந்து தெரிந்தது. அந்த ஆய்வை அவர் 1839-இல் நூலாக வெளியிட்டார். நீங்கள் உங்கள் மேசையிலேயே இதைச் சோதிக்கலாம். ஒரே ஆரஞ்சுத் தாளிலிருந்து இரண்டு சிறு சதுரங்களை வெட்டி, ஒன்றைச் சிவப்புத் தாளின் நடுவிலும் மற்றொன்றை நீலத் தாளின் நடுவிலும் வையுங்கள். சிவப்பின்மேல் இருப்பது மஞ்சள் பக்கம் சாய்ந்து தெரியும். நீலத்தின்மேல் இருப்பது தணலாக எரியும். இலச்சினையில் வெள்ளைப் பின்னணியில் நிற்கும் உங்கள் ஆரஞ்சு, ஓவியத்தில் நீலத்தின் நடுவே வந்தமரும்போது, துளியும் பிசகாமல் கலந்திருந்தாலும் வேறாகத்தான் தோன்றும். ஆகவே எண்ணோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதைவிட, பத்தடி தள்ளி நிற்பவரின் கண்ணுக்கு உங்கள் ஆரஞ்சாகப் படுகிறதா என்று பாருங்கள். அதற்காக ஓவியர் எண்ணிலிருந்து சற்று விலகினால், விலக விடுங்கள்.

விளக்கும் நிறத்தை மாற்றும். வெவ்வேறு நிறமிகளால் ஆன இரு வண்ணங்கள் ஒரு விளக்கின்கீழ் ஒத்திருந்து, இன்னொரு விளக்கின்கீழ் பிரிந்து தெரிவதுண்டு. ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் அளவில் 2700 உள்ள மஞ்சள் ஒளியில் நீலம் மங்கிவிடும். எனவே முழு ஓவியத்தையும் தொடங்கும் முன், ஒன்றரை அடிச் சதுர மாதிரி ஒன்றை அதே சுவரில், அதே உயரத்தில் நிறுத்தி, காலை வெளிச்சத்தில் ஒருமுறையும் விளக்குகள் எரியும் மாலையில் ஒருமுறையும் பார்த்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். இலச்சினையின் இரண்டு நிறங்களாலேயே படத்தை நிரப்பினால், கிடைப்பது பெரிதாக்கிய விளம்பரப் பலகைதான். சாம்பலும் மணல் நிறமும் நீலத்தின் பல படிகளும் பரப்பைத் தாங்கட்டும். ஆரஞ்சு ஓரிரு இடங்களில் மட்டும் வரட்டும். தினமும் அதன் எதிரே அமர்ந்து வேலை செய்யப்போகும் வரவேற்பாளரின் கண்களையும் நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: உருவமே இல்லாத படம் ஒரு நிறுவனத்தின் தன்மையைச் சொல்லுமா? ஊழியர்கள் சிலர் ஒன்றும் விளங்கவில்லை என்கிறார்கள்.

பதில்: சொல்லும், ஓவியருக்குச் சொல்ல ஏதேனும் கொடுத்திருந்தால். ‘புதுமை’, ‘நம்பிக்கை’ என்று எழுதிக் கொடுப்பதால் பயனில்லை; எல்லா நிறுவனங்களும் அவற்றைத்தான் எழுதுகின்றன. உங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லுங்கள். ஒரே கோப்பு பத்துக் கைகள் மாறித் திருத்தம் பெறும் இடமென்றால், அடியில் உள்ள கோடு மேலே தெரியும்படி மெல்லிய வண்ண அடுக்குகள் படியலாம். அளவு துளியும் பிசகக்கூடாத பணியென்றால், ஒட்டுப்பட்டை ஒட்டி, வண்ணம் பூசியபின் உரித்தெடுத்த கூரிய விளிம்புகள் பொருந்தும். ஊழியர்களிடம் படத்தை விளக்குவதைவிட, ஓவியர் உங்கள் பணியிடத்தில் ஒரு நாள் இருந்து அவர்களோடு பேசும்படி ஏற்பாடு செய்தால், படத்தில் தங்கள் வேலையை அவர்களே கண்டுகொள்வார்கள்.

இடமும் ஓவியரும் ஒத்துப்போக வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். நியூயார்க்கின் சீகிராம் கட்டடத்து உணவகத்துக்காகப் படங்கள் வரைய அமெரிக்க அரூப ஓவியர் மார்க் ராத்கோ 1958-இல் ஒப்புக்கொண்டார். கருஞ்சிவப்பில் பல பெரிய படங்களை வரைந்த பிறகு, அவை அந்த இடத்துக்குரியவை அல்ல என்று முடிவுசெய்து, பணத்தைத் திருப்பிக் கொடுத்து விலகினார். அறையின் பயன்பாட்டை முதல் நாளே ஓவியரிடம் மனம்விட்டுப் பேசிவிடுங்கள்.

கேள்வி: ஓவியம் மாட்டும் சுவரில் பிற்பகல் வெயில் விழுகிறது. நிறம் வெளுத்துவிடுமா?

பதில்: நேர் வெயிலில் பெரும்பாலும் வெளுக்கும். முடிந்தால் சுவரை மாற்றுங்கள். முடியாதபோது சன்னலுக்குப் புற ஊதாக் கதிர் தடுக்கும் படலம் ஒட்டுங்கள். ஒளிர்வண்ணங்கள் எனப்படும் கண்ணைப் பறிக்கும் வகை விரைவில் மங்குபவை என்பதால், இலச்சினை நிறத்தை எட்டுவதற்காகக்கூட அவற்றை நாட வேண்டாம். நிறமிகளின் பெயரையும் கலவை விகிதத்தையும் எழுதி வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு நிறத்திலும் உள்ளங்கை அளவு துண்டு ஒன்றை இருட்டான அலமாரியில் வைத்திருங்கள். பின்னாளில் படத்தைப் பழுதுபார்க்க வருபவர் முதலில் அதைத்தான் கேட்பார்.