மெஷினில் விழாத விரல்

கேள்வி: அரசியலும் தொழில்நுட்பமும் அன்றாட வாழ்க்கையும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்வதை நேரில் பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர் ரேஷன் கடை வாசலில்.

தென்காசிப் பக்கம் ஒரு கிராமம். தாத்தா போன பிறகு ஆச்சி தனியாகத்தான் இருக்கிறாள். கார்டிலும் அவள் ஒருத்தி பெயர்தான். சில வருஷங்களுக்கு முன் லீவுக்குப் போயிருந்தபோது, பையைத் தூக்கிக்கொண்டு அவளோடு கடைக்குப் போனேன். கார்டை ஸ்கேன் பண்ணியதும் சேல்ஸ்மேன், "ஆச்சி, விரலை வைங்க" என்றார். வைத்தாள். மெஷினில் ரேகை விழவில்லை. கட்டைவிரல், நடுவிரல், அப்புறம் இடது கை. வரிசையில் நின்ற ஒரு அக்கா, "தலையில தேச்சுட்டு வைங்க ஆச்சி, எண்ணெய்ப் பசைக்கு விழும்" என்றாள். ஆச்சி விரலை நரைமுடியில் தேய்த்துவிட்டு மறுபடி வைத்தாள். எட்டுத் தடவை எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் மெஷினைப் பார்க்காமல் சேல்ஸ்மேன் முகத்தையே பார்த்தாள்.

கடைசியில் ஓடிபி போட்டார்கள். ஆச்சியின் கார்டில் இருப்பது என் நம்பர். நான் பக்கத்திலேயே நின்றதால் அரிசி கிடைத்தது. அதற்கு முந்தின மாதமும் அதே போல ஓடிபி வந்திருக்கிறது. நான் சென்னையில் மீட்டிங்கில் இருந்தேன், மெசேஜைப் பார்த்தது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. ஆச்சி எனக்குப் போன்கூடப் பண்ணவில்லை. "வேலையில இருப்பியே ஐயான்னு திரும்பி வந்துட்டேன்" என்று வழியில் சொன்னாள். அதைக் கேட்ட பிறகு எனக்கு நடக்கவே கால் வரவில்லை.

அவள் விரலில் ஏன் ரேகை இல்லை? பன்னிரண்டு வயதிலிருந்து பீடி சுற்றியவள். இலையை நனைத்து, தகட்டை வைத்து அளவாகக் கத்தரித்து, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, நுனியை விரலால் உள்ளே மடக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை, எத்தனை வருஷம்! வயதானாலே தோல் உலர்ந்து ரேகை மேடுகள் தட்டையாகும். அதன்மேல் இந்த உழைப்பு வேறு.

இந்த மெஷினைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கைரேகை ஒப்பிடும் எந்தக் கருவியும் 'இது அவர்தான்' என்று அடித்துச் சொல்வதில்லை. எவ்வளவு பொருந்துகிறது என்று ஒரு மதிப்பெண் போடும், அவ்வளவுதான். எத்தனை மதிப்பெண் வந்தால் பாஸ் என்று ஒரு கோடு போடுவது மனிதர்கள். கோட்டைக் கீழே இறக்கினால் வேற்றாள் நுழைவார். மேலே ஏற்றினால் ஆச்சி திரும்பிப் போவாள். இரண்டு தவறையும் ஒரே சமயத்தில் பூஜ்யமாக்க வழியே இல்லை. அப்படியானால் எந்தத் தவறைப் பொறுத்துக்கொள்வது? இது இன்ஜினியர் மட்டும் முடிவு பண்ணுகிற கேள்வி இல்லை, அரசியல் முடிவு பண்ண வேண்டிய கேள்வி.

தமிழ்நாடு இந்தக் கேள்விக்கு ஒருமுறை நல்ல பதில் சொன்ன மாநிலம். 1997-இல் மத்திய அரசு வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று ரேஷனைப் பிரித்தபோது, நம் ஊரில் எல்லோருக்குமான ரேஷனை விடவில்லை. வசதியானவர் நாலு பேர் வாங்கினாலும் பரவாயில்லை, இல்லாதவர் ஒருவர்கூட விட்டுப்போகக் கூடாது என்பதுதான் அதன் பொருள். 2008-இல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூனில் விலையில்லா அரிசி என்று ஆட்சி மாறியபோதும் அந்த நியாயம் மாறவில்லை. கைரேகை வந்தபோது அதே நியாயத்தை மெஷினுக்குள்ளும் கொண்டுபோயிருக்க வேண்டும்.

மெஷினே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழைய அட்டையில் வருஷா வருஷம் உள்தாள் ஒட்டி ஓட்டிய காலம் எனக்கு நினைவிருக்கிறது. வாங்காத சீனியை வாங்கியதாக எழுதிவிட்டு, "சரக்கு தீர்ந்துபோச்சு" என்பார்கள். கேட்க ஆதாரம் இருக்காது. 2017-இல் ஸ்மார்ட் கார்டு வந்த பிறகு பில் போட்டதும் போனுக்கு மெசேஜ் வருகிறது. ஆச்சி கணக்கில் என்ன ஏறியது என்று சென்னையில் உட்கார்ந்து என்னால் பார்க்க முடிகிறது. இது பெரிய மாற்றம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் கார்டை ஸ்கேன் பண்ணினாலே இதெல்லாம் நடந்துகொண்டிருந்தது. 2020 அக்டோபரில் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தோடு விரலும் வேண்டும் என்றானபோது, ஆரம்பத்திலேயே சர்வர் திணறி, வரிசையில் நின்றவர்கள் பாடு பெரும்பாடாகிவிட்டது.

2018 செப்டம்பர் 26 அன்று வந்த ஆதார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் மானியங்களுக்கு ஆதார் கேட்பது செல்லும் என்றார்கள். ஆனால் கைரேகை பொருந்தவில்லை என்ற காரணத்துக்காக உரியவருக்குப் பொருளை மறுக்கக் கூடாது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அந்த வரி எல்லா ரேஷன் கடையிலும் பெரிய எழுத்தில் எழுதி மாட்டப்பட வேண்டும் என்பது என் ஆசை. சேல்ஸ்மேனைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆச்சியை அவருக்கு இருபது வருஷமாகத் தெரியும். தெரிந்தும், மெஷின் பச்சை காட்டாமல் அவரால் ஒரு கிலோ அரிசி அளக்க முடியாது.

உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருந்தால், கடைக்கு வர முடியாதவர்களுக்குப் பதிலாக இன்னொருவர் வாங்க அங்கீகாரச் சான்று படிவம் இருக்கிறது, கேட்டு வாங்கிப் பூர்த்தி செய்து கொடுங்கள். கடையில் இழுத்தடித்தால் 1967-க்குப் போன் பண்ணுங்கள்.

2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் வந்து, வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் வரத் தொடங்கியது. வண்டியிலும் தராசோடு மெஷின் உண்டு. முதல் தடவை எங்கள் தெருவுக்கு வந்த அன்று அம்மா ஆச்சி வீட்டில் இருந்தாள். வழக்கம்போல விரல் விழவில்லை. வந்தவர் கருவிழி பார்க்கிற கருவியை எடுத்து, "இதைப் பாருங்க ஆச்சி" என்று கண்ணுக்கு நேரே பிடித்திருக்கிறார். ஒரே தடவையில் பச்சை. ஆச்சி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாளாம். அப்புறம் அவரிடம் கேட்டாளாம்: "இதை மொதல்லயே செஞ்சிருக்கக் கூடாதா ஐயா?"