கர்னல் தொடங்கும்போது நினைவகத்தை ஒதுக்குவது யார்?

கேள்வி: லினக்ஸ் கர்னல் பூட் ஆகும் தொடக்கக் கட்டத்தில், கர்னலுக்குள் நினைவகம் கேட்டு வாங்கும் செயல்கூறான கேமலாக் வேலை செய்யாது என்கிறார்களே, ஏன்? அப்போது நினைவகம் எப்படிக் கிடைக்கிறது?

கேமலாக்குக்கு அடியில், சிறு அளவுகளில் நினைவகம் தரும் ஸ்லாப் இருக்கிறது. அதற்கும் அடியில், ரேமைப் ‘பக்கங்கள்’ என்ற சம அளவுத் துண்டுகளாகப் பிரித்துக் கொடுக்கும் பட்டி அலோகேட்டர். ரேமின் ஒவ்வொரு பக்கத்தையும் பற்றி ஒரு ஸ்ட்ரக்ட் பேஜ் குறிப்பு இல்லாமல் பட்டியால் இயங்க முடியாது. 64 பிட் கணினியில் அந்தக் குறிப்பு பொதுவாக 64 பைட். 16 ஜிபி ரேம் என்றால் 4 கேபி பக்கங்கள் 41,94,304. குறிப்புகளுக்கு மட்டுமே 256 எம்பி வேண்டும். அதைப் பட்டியிடமே கேட்பது, சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத் தேடுவது போன்றது.

இந்தச் சிக்கலை அவிழ்ப்பது தொடக்கக் கட்டத்துக்கான ஒதுக்கீட்டு முறையான மெம்பிளாக். அதன் எளிமை எனக்கு மிகவும் பிடிக்கும். இரண்டே பட்டியல்கள்தான்: ‘இருக்கும் ரேம்’, ‘எடுத்துக்கொள்ளப்பட்டது’. முதலாவதில் இருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுவது காலி இடம். நினைவகம் கேட்டால் அந்தக் காலி இடத்தில் பொருத்தமான ஒரு துண்டைக் கண்டுபிடித்து, அதை இரண்டாவது பட்டியலில் சேர்த்துவிடும். இரு பட்டியல்களும் கர்னல் படிமத்துக்குள்ளேயே நிலையான வரிசைகளாக, வழக்கமாக 128 இடங்களுடன், முன்கூட்டியே வைக்கப்பட்டிருப்பதால் அவற்றுக்காக யாரிடமும் நினைவகம் கேட்க வேண்டியதில்லை. இடம் போதாவிட்டால் இரு மடங்கு பெரிய வரிசையைத் தன்னிடமிருந்தே ஒதுக்கிக்கொள்ளும். அதையும் மறக்காமல் ‘எடுத்துக்கொள்ளப்பட்டது’ என்று குறித்துக்கொள்ளும்!

முதல் பட்டியல் எக்ஸ்86 கணினிகளில் ஃபர்ம்வேர் தரும் ஈ820 என்ற நினைவக வரைபடத்திலிருந்தும், ஏஆர்எம் பலகைகளில் பெரும்பாலும் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயிலிருந்தும் நிரப்பப்படுகிறது. இங்கே வரிசைமுறைதான் உயிர். கர்னல் படிமம், பூட்டுக்குத் தேவையான கோப்புகள் அடங்கிய தொடக்க ரேம் டிஸ்க், டிவைஸ் ட்ரீ ஆகியவை கிடக்கும் இடங்களை முதலில் ‘எடுத்துக்கொள்ளப்பட்டது’ என்று பதிவு செய்துவிட வேண்டும்; ஒதுக்கீடு அதன் பிறகுதான். புதிய பலகைக்குக் கர்னலைக் கொண்டுபோகிறவர்கள் இதில் ஒன்றை விட்டுவிட்டால், அந்த இடத்தின் மேலேயே வேறு தரவு எழுதப்படும். பிழையோ வெகுநேரம் கழித்து, தொடர்பே இல்லாத இடத்தில் தலைகாட்டும்.

முன்பு இதே வேலைக்குப் பூட்மெம் என்று ஒன்று இருந்தது. பக்கத்துக்கு ஒரு பிட் வைத்த வரைபடம். அந்த வரைபடத்தை வைக்க முதலில் ஓர் இடம் தேட வேண்டியிருந்தது. 2018இல் வந்த 4.20 பதிப்பில் அதை நீக்கியது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

எல்லாம் தயாரானதும் மெம்பிளாக்_ஃப்ரீ_ஆல் என்ற செயல்கூறு காலிப் பக்கங்கள் அனைத்தையும் பட்டியிடம் ஒப்படைக்கிறது. அதன் பிறகே கேமலாக் உயிர் பெறுகிறது.

நேரில் பார்க்க விரும்பினால், கர்னல் கட்டளை வரியில் மெம்பிளாக்=டீபக் என்பதை ஆங்கில எழுத்துகளில் சேர்த்து பூட் செய்யுங்கள். எந்தச் செயல்கூறு எந்த முகவரியைக் கேட்டது என்பது வரிவரியாகக் கர்னலின் செய்திப் பதிவான டிமெசெஜ்ஜில் வந்துவிழும். மூலநிரலைப் படிப்பதற்கு முன் அந்த வெளியீட்டைப் படியுங்கள்.