வெள்ளி அடைப்பை வைத்தவர் மீதா, எடுத்தவர் மீதா வழக்கு?

கேள்வி: 2014 இல் திருச்சியில் ஒரு தனியார் பல் மருத்துவர் என் ஐந்து கடைவாய்ப் பற்களில் வெள்ளி அடைப்பு வைத்தார். அதில் பாதரசம் கலந்திருப்பதாக அவர் சொல்லவில்லை. சில ஆண்டுகளாக எனக்குச் சோர்வும் மறதியும் இருக்கின்றன. சென்ற ஆண்டு வேறொரு பல் மருத்துவ மையத்தில் மாத்திரை கொடுத்து, பிறகு சிறுநீரைச் சோதித்து, உடலில் பாதரச நஞ்சு ஏறியிருப்பதாகக் கூறினார்கள். ஐந்து அடைப்புகளையும் எடுத்துவிட்டு வெள்ளை நிற அடைப்பு வைத்தார்கள். 90,000 ரூபாய் செலவாயிற்று. அதன்பின் ஒரு பல்லில் தாங்க முடியாத வலி வந்து வேர் சிகிச்சை செய்ய நேர்ந்தது. சோர்வோ குறையவில்லை. எனக்கு நஞ்சு வைத்த முதல் மருத்துவர் மீது வழக்குத் தொடர முடியுமா? என் பதினொரு வயது மகளுக்கும் ஒரு வெள்ளி அடைப்பு இருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டுமா?

பதில்: சகோதரி, உங்கள் கோபம் முதல் மருத்துவர் மீது இருப்பது புரிகிறது. ஆனால் நீங்கள் எழுதியவற்றை வைத்துப் பார்த்தால், அவர் மீதான வழக்கு நிற்பது மிகக் கடினம். சட்டப்படி விசாரிக்கத் தக்க கேள்விகள் அடைப்புகளை எடுத்த மையத்தை நோக்கியே எழுகின்றன.

முதல் மருத்துவரின் நிலையை முதலில் பார்ப்போம். வெள்ளி அடைப்பு எனப்படும் அமால்கத்தில் எடையில் ஏறத்தாழ பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. மெல்லும்போது மிகச் சிறிய அளவில் பாதரச ஆவி வெளிப்படுகிறது என்பதை எவரும் மறுப்பதில்லை. அந்த அளவு நோயை உண்டாக்குமா என்பதில்தான் சர்ச்சை. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியிலும் போர்ச்சுகலின் லிஸ்பனிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2006 இல் வெளியான இரண்டு ஆய்வுகள், அமால்கம் வைத்த குழந்தைகளுக்கும் வைக்காத குழந்தைகளுக்கும் இடையே நினைவாற்றலிலோ அறிவுத்திறனிலோ பொருட்படுத்தத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. 2020 செப்டம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், கர்ப்பிணிகள், கருத்தரிக்கத் திட்டமிடுவோர், பாலூட்டும் தாய்மார், குழந்தைகள், நரம்பு நோயோ சிறுநீரகக் குறைபாடோ உள்ளவர்கள், பாதரச ஒவ்வாமை உள்ளவர்கள் ஆகியோருக்குப் புதிதாக அமால்கம் வைப்பதை இயன்றவரை தவிர்க்குமாறு அறிவுறுத்தியது. அதே அறிவிப்பில், நல்ல நிலையில் உள்ள பழைய அடைப்புகளை, மருத்துவத் தேவை இருந்தாலன்றி, எடுக்க வேண்டாம் என்றும் கூறியது. இந்த இரண்டாவது பகுதி உங்கள் வழக்குக்கு மிக முக்கியமானது.

மருத்துவரின் கவனக்குறைவை, சிகிச்சை நடந்த நாளில் இருந்த மருத்துவ அறிவை அளவுகோலாகக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005 இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2014 இல் அமால்கம் ஏற்கப்பட்ட, பல் மருத்துவக் கல்லூரிகளில் கற்பிக்கப்பட்ட ஒரு பொருள். பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த 2013 இல் நாடுகள் ஏற்ற மினமாட்டா உடன்படிக்கைகூட அமால்கத்தின் பயன்பாட்டைப் படிப்படியாகக் குறைக்கத்தான் சொன்னது, தடை செய்யவில்லை. இந்தியா அதற்கு ஒப்புறுதி அளித்ததே 2018 இல்தான்.

‘சொல்லாமல் வைத்தார்’ என்ற உங்கள் குறை நியாயமானது. நோயாளியின் வாயில் வைக்கும் பொருள் இன்னதென்று சொல்லிவிட்டு வைப்பதே முறை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நோயாளியின் ஒப்புதல் குறித்த முதன்மையான தீர்ப்பான சமீரா கோலி வழக்கு (2008), சிகிச்சையின் தன்மை, பயன், மாற்று வழிகள், கணிசமான ஆபத்துகள் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும் என்று கூறிவிட்டு, வெகு அரிதான, கோட்பாட்டளவிலான ஆபத்துகளை விளக்க வேண்டியதில்லை என்றும் கூறுகிறது. எதிர்த் தரப்பு வழக்கறிஞர் இந்த வரியைத்தான் பிடித்துக்கொள்வார்.

காலவரையறையும் தடையாக நிற்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இன் 69 ஆம் பிரிவின்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். வெளியே தெரியாத பாதிப்பு பின்னர் தெரியவந்தால் அந்த நாளிலிருந்து கணக்கிடலாம் என்று 2010 இல் ஸ்ரீகண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனால் அதற்கு முதலில் அந்த அடைப்பினால்தான் பாதிப்பு ஏற்பட்டது என்பதை நிறுவ வேண்டும். சோர்வுக்கும் மறதிக்கும் இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, தூக்கமின்மை என்று எத்தனையோ காரணங்கள் உண்டு. அவற்றையெல்லாம் ஒரு பொது மருத்துவர் சோதித்து விலக்கியிருக்கிறாரா என்பதைக்கூட நீங்கள் எழுதவில்லை. வழக்கைவிட முன்னதாக உங்கள் உடல்நலத்துக்காகவே அதைச் செய்துகொள்ளுங்கள்.

இனி, இரண்டாவது மையம். மாத்திரை கொடுத்த பிறகு சிறுநீரைச் சோதித்தார்கள் என்று நீங்கள் எழுதிய ஒரு வரியே என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. அந்த மாத்திரை உடலிலுள்ள உலோகத்தைப் பிணைத்துச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மருந்தாக இருந்திருந்தால், அதை உட்கொண்ட பிறகு யாருடைய சிறுநீரிலும் உலோக அளவு உயர்ந்தே காட்டும். மருந்து உட்கொள்ளாதவர்களுக்கான இயல்பு அளவோடு அதை ஒப்பிட்டு ‘நஞ்சு’ என்று அறிக்கை தருவது அறிவியல்படி நிறுவப்படாத முறை என்று அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரி என்ற நிபுணர் அமைப்பு எச்சரித்திருக்கிறது. ஆகவே மருந்துச் சீட்டில் அந்த மாத்திரையின் பெயர் என்ன என்று உடனே பாருங்கள். சேவைக் குறைபாடு மட்டுமல்லாமல், பொய்யான கூற்றினால் சேவையை விற்ற நியாயமற்ற வணிக நடைமுறை என்ற, அதே நுகர்வோர் சட்டத்தின் 2(47) ஆம் பிரிவின் கீழான குற்றச்சாட்டும் உங்களுக்குக் கிடைக்குமா என்பது பெரும்பாலும் அந்தப் பெயரைப் பொறுத்தது.

அடைப்பை எடுப்பதும் தீங்கற்ற செயல் அன்று. கடையும்போது பாதரச ஆவி அதிகமாக எழுகிறது. அடைப்போடு நல்ல பல்லின் ஒரு பகுதியும் போகிறது. பல்லின் உள்ளே நரம்பு இருக்கும் பற்கூழ் வரை எரிச்சல் சென்றால், உங்களுக்கு நேர்ந்தது போல வேர் சிகிச்சை தேவைப்படலாம். இவை நோயாளிக்குச் சொல்லியே ஆக வேண்டிய ஆபத்துகள். இவற்றையும், எடுக்காமலே இருந்துவிடலாம் என்ற மாற்று வழியையும் சொல்லாமல் பெற்ற கையொப்பம் சமீரா கோலி தீர்ப்பின்படி உண்மையான ஒப்புதல் ஆகாது. நோய்க்கும் அடைப்புக்கும் நிறுவப்படாத தொடர்பைக் கூறி அமால்கத்தை எடுத்துவந்த ஹால் ஹக்கின்ஸ் என்ற பல் மருத்துவரின் உரிமம் 1996 இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பறிக்கப்பட்டது. அது நம் நுகர்வோர் ஆணையங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் இத்தகைய சிகிச்சையை அந்தத் துறையே எப்படிப் பார்த்திருக்கிறது என்பதைக் காட்ட உதவும்.

அந்த மையத்துக்கும் வலுவான பதில் இருக்கக்கூடும். பழைய அடைப்புகள் விரிசல் விட்டிருந்தாலோ, அடியில் சொத்தை பரவியிருந்தாலோ, உங்களுக்குப் பாதரச ஒவ்வாமை இருந்திருந்தாலோ, எடுத்தது சரியே. எடுப்பதற்கு முன் பிடித்த எக்ஸ்ரே படங்களே இதைத் தீர்மானிக்கும். எனவே வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்பே, எக்ஸ்ரே, ஒப்புதல் படிவம், சிகிச்சைக் குறிப்பு, ஆய்வக அறிக்கை ஆகியவற்றின் நகல்களைக் கேட்டுப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். நோட்டீஸ் போன பிறகு ஆவணங்கள் ‘காணாமல்’ போவதை வழக்கறிஞர்கள் அனைவரும் அறிவோம். அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள், கைப்பேசியை மாற்றாதீர்கள்.

ஆவணங்கள் கைக்கு வந்ததும், சென்னை அல்லது புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் காட்டி, இப்போதுள்ள பற்களின் நிலை குறித்து எழுத்து மூலம் கருத்துப் பெற முயலுங்கள். எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை என்று கிஷன் ராவ் வழக்கில் 2010 இல் தீர்ப்பாகியிருந்தாலும், உங்கள் வழக்கு அது இல்லாமல் தாங்காது.

புகாரை நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதால் கட்டணம் இல்லை. கட்டிய பணம், வேர் சிகிச்சைச் செலவு, வலிக்கும் மன உளைச்சலுக்குமான இழப்பீடு ஆகியவற்றைக் கேட்கலாம். சோர்வையும் மறதியையும் இதில் சேர்க்காதீர்கள், நிறுவ முடியாத ஒன்று நிறுவக்கூடியவற்றையும் பலவீனப்படுத்தும். தொழில் ஒழுங்கு குறித்துத் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலுக்குத் தனியே புகார் அளிக்கலாம். காவல் நிலையத்துக்குப் போக வேண்டாம். குற்ற வழக்குக்கு மிகக் கடுமையான கவனக்குறைவு தேவை, அது இங்கே இல்லை. இரண்டு ஆண்டுக் கெடுவில் ஓர் ஆண்டளவு கழிந்துவிட்டது என்பதை மட்டும் மறவாதீர்கள்.

உங்கள் மகளைப் பற்றி. 15 வயதுக்கு உட்பட்டோருக்கும் பால் பற்களுக்கும், மருத்துவர் அவசியம் எனக் கருதினாலன்றி, அமால்கம் வைக்கலாகாது என்று மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2022 இல் முடிவு செய்தன. 2034 க்குள் அமால்கத்தைக் கைவிட 2025 நவம்பரில் ஜெனீவாவில் ஒப்புக்கொண்டன. ஐரோப்பிய ஒன்றியத்திலோ 2025 ஜனவரி முதலே, மருத்துவத் தேவை தவிர, தடை. இந்த முடிவுகளுக்கு முதன்மையான காரணம் காற்றிலும் நீரிலும் மீனிலும் சேரும் பாதரசம். ஏற்கெனவே வைத்த அடைப்பு நஞ்சு என்று அவை சொல்லவில்லை. உடன்படிக்கையை மட்டும் காட்டி ஒரு தனிமனிதர் இழப்பீடு கேட்கவும் இயலாது. இனி அவளுக்கு அடைப்பு தேவைப்பட்டால் பாதரசமில்லாத பொருளைக் கேளுங்கள். மருத்துவர் மறுத்தால் காரணத்தைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். இப்போதுள்ள அடைப்பு உறுதியாக இருந்தால், அந்த மையம் என்ன சொன்னாலும், அதைத் தொட விடாதீர்கள்.