பெயர் மாறினால் மருந்து மாறுமா?

கேள்வி: குறிஞ்சிப்பாடி பக்கம் அரை ஏக்கரில் மிளகாய் போட்டிருக்கிறேன். அசுவினிப் பூச்சிக்குக் கடையில் கொடுத்த மருந்தை அடித்தும் கேட்கவில்லை. அப்புறம் ‘வேறு மருந்து’ என்று ஒன்று கொடுத்தார்கள், அதுவும் கேட்கவில்லை. போலியா? பணம் திரும்பக் கிடைக்குமா? (லேபிள் படங்கள் இணைத்துள்ளேன்.)

பதில்: இரண்டு லேபிளிலும் கம்பெனிதான் வேறு. சின்ன எழுத்தைப் பாருங்கள், இரண்டுமே இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்.எல். என்ற ஒரே மருந்து. அதையே வேறு மருந்து என்று விற்றது தவறு, அதில் சந்தேகமே இல்லை. புகையிலையைப் பாடாய்ப்படுத்தும் பச்சை அசுவினி மிளகாயிலும் வரும். பல மருந்துகளுக்குப் பழகிப்போன பூச்சி அது. ஒரே மருந்தைத் திரும்ப அடித்தால் தாக்குப்பிடிப்பவைதான் பெருகும். தயாமெத்தாக்சாம், அசிட்டாமிபிரிட் என்ற மருந்துகளும் இமிடாகுளோபிரிட் குடும்பம்தான். வேறு குடும்பத்து மருந்தை வேளாண் அலுவலரிடம் கேட்டு, லேபிளில் மிளகாய் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

போலியா என்பதை ஆய்வகம்தான் சொல்ல முடியும். மருந்து வேலை செய்கிறதா என்பதை நீங்களே பார்க்கலாம். அடுத்த முறை அடிக்கும்போது இரண்டு பாத்திக்கு வெறும் தண்ணீர் மட்டும் அடியுங்கள். இரு பக்கமும் பத்துப் பத்துச் செடியில் அடையாளத்துக்குத் துணி கட்டி, நுனி இலை மூன்றைத் திருப்பி அடிப்பக்கம் எண்ணுங்கள்: அடிப்பதற்கு முந்தின நாள், அடித்த மூன்றாம் நாள், ஏழாம் நாள். வெள்ளையாக ஒட்டியிருப்பது பூச்சி உரித்த தோல், அதை எண்ண வேண்டாம். தண்ணீர்ப் பாத்தியிலும் குறைந்திருந்தால் அது மழையோ, அசுவினியைத் தின்னும் பொறிவண்டோ செய்த வேலை. மருந்துக்கு நல்ல பெயர் கொடுத்துவிடாதீர்கள். இந்த ஒப்பீடு இல்லாமல் ‘கேட்டது’, ‘கேட்கவில்லை’ என்று சொல்வதில் பலன் இல்லை.

பணத்துக்கு, பேட்ச் எண் போட்ட பில் வேண்டும். திறந்த பாட்டிலைக் காட்டினால் நீங்களே கலந்ததாகச் சொல்லிவிடுவார்கள். அதனால் கடையில் அதே பேட்ச் இருக்கும்போதே வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி ஆய்வாளர் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். தரம் குறைவு என்று வந்தால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. ‘விவசாயி வியாபாரத்துக்குத்தானே வாங்கினார்’ என்று மடக்கினால், விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012-இல் விதை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டுங்கள். மருந்து தரமானது என்றே வந்தாலும், ஒன்றையே இரண்டாக விற்றதற்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்; இரண்டு பில்லும் கையில் இருக்கட்டும்.